அக்கா பயிற்சிக்குப் போன ஐந்து மாதம்

சென்ற மாதம் எங்கள் வளாகத்தில், உள்ளகப் பயிற்சிக்குப் போகவிருக்கும் மாணவர்களுக்காக அரை நாள் கருத்தரங்கு ஒன்று வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், மடிப்புக் குலையாத சட்டையோடு மேடையில் நின்று, கைச்செலவை எப்படிக் குறைப்பது, பயிற்சி தரும் இடத்தில் எப்படி நல்ல பெயர் எடுப்பது என்றெல்லாம் சொன்னார். மதியச் சாப்பாட்டைக் கடையில் வாங்காமல் வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டும். உடுப்பு நாலு போதும், ஆனால் தோய்த்து அழுத்தியிருக்க வேண்டும். கால் மணி நேரம் முந்திப் போக வேண்டும். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்காமல் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். காசு கையில் வந்த அன்றே ஒரு பங்கை எடுத்து வேறாக வைத்துவிட வேண்டும். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். நான் எழுதவில்லை. இவ்வளவையும் ஒன்று விடாமல் செய்த ஒருத்தியின் பக்கத்தில்தான் நான் ஒன்பது வயதில் படுத்தெழும்பினேன்.

பருத்தித்துறையில், கடற்கரை வீதிக்குச் சற்று உள்ளே, இரண்டு அறை வீடு எங்களுடையது. அப்பா வேறொருவருடைய படகில் தொழிலுக்குப் போனார். அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். எங்களுக்கு இடையில் யாரும் இல்லை. அவள் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படம் வரையப் படித்தாள். படிப்பின் கடைசியில் ஆறு மாதம் எங்காவது பயிற்சி எடுக்க வேண்டும். பயிற்சி முடிந்தது என்று அங்கிருந்து கடிதம் வந்தால்தான் சான்றிதழ். யாழ்ப்பாண நகரத்தில் வீடுகளுக்குப் படம் வரைந்து கொடுக்கும் ஒரு அலுவலகம் அவளை எடுத்துக்கொண்டது.

அங்கே வந்த வேலைகள் அநேகமாக வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் கட்டும் வீடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, தான் வரைந்த வீடொன்றின் குளியலறையை எங்கள் முற்றத்தில் தடியால் கீறிக் காட்டினாள். நாங்கள் படுக்கும் அறை அதற்குள் அடங்கி, ஓரத்தில் ஆட்டைக் கட்டவும் இடம் மிஞ்சியது. அம்மா அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"உதுக்குள்ளை நிண்டு என்னத்தையடி செய்யிறது?"

அக்கா தடியைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய சிரிப்பை நினைத்தால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வரும்.

அலுவலகத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. சில நாட்களில் வேலை பொழுதுபட்டும் முடியாது. ஆகவே தூர இடத்துப் பிள்ளைகள் நகரத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டும். அறை வாடகையை அலுவலகம் கொடுக்கும். தங்க முடியாதவர்களை எடுக்கமாட்டார்கள். அக்கா தங்குவதாக எழுதிக் கொடுத்தாள். அவளுடைய சிநேகிதியின் மாமி ஒருவர் நகரத்தில் பெண்பிள்ளைகளுக்கு அறை கொடுத்து வந்தார். மாதா மாதம், வாடகை பெற்றதாக அவர் கையால் ஒரு பற்றுச்சீட்டு எழுதுவித்து அலுவலகத்தில் கொடுத்தாள். அந்த அறையில் அவள் ஒரு நாளும் படுக்கவில்லை. முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். வாடகைக் காசு தபால் கந்தோர்ச் சேமிப்புப் புத்தகத்துக்குள் போனது. பழைய மடிக்கணினி ஒன்று வாங்குவதற்கு. கடைசித் தவணைப் படங்களைக் கணினியில் வரைந்து கொடுக்க வேண்டும். கல்லூரியில் இருந்த கணினிகளுக்கு முன்னால் எந்த நேரமும் வரிசை.

அது பொய்தான். அதற்கு வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அன்று இதில் எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கண் விழித்தால் பாயில் அக்கா படுத்த இடம் சூடு ஆறியிருக்கும், அடுப்படியில் இடியப்ப வாசம் இருக்கும் என்பதுதான்.

ஐந்தாவது மாதத்தில் அப்பாவின் உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறிப் பழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். அம்மா கூட நிற்க வேண்டும். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை.

"இவளை உன்னோடை கூட்டிக்கொண்டு போ" என்றாள் அம்மா.

"ஒஃபிசுக்கு எப்பிடியம்மா கூட்டிக்கொண்டு போறது?"

"ஒரு மூலையிலை இருக்கட்டும். ஆரையும் கடிக்கவே போறாள்?"

அக்கா என் கோயில் சட்டையை எடுத்து அழுத்தினாள். பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கவில்லை. நெல்லியடி தாண்டும்போது என் காதடியில் குனிந்து சொன்னாள்: "ஆரும் கேட்டால் பேரைச் சொல்லு, வகுப்பைச் சொல்லு. வேறை ஒண்டும் கதைக்காதை. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன். சொன்னபடி நடக்கும் பிள்ளை என்று எனக்கு வீட்டில் பெயர் இருந்தது.

அலுவலகம் குளிராக இருந்தது. ஒரு கதிரையில் என்னை இருத்தி, பின்பக்கம் வெறுமையாக இருந்த பழைய படத்தாள்களைத் தந்தார்கள். நான் கீறவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மீன் வெட்டும் அக்கா இல்லை அவள். கணினிக்கு முன்னால் நிமிர்ந்திருந்தாள். பக்கத்து மேசை அண்ணை ஒருவர், "தங்கச்சி, இந்தப் படியின்ரை அளவை ஒருக்காப் பாரும்" என்று அவளிடம் கேட்டார். அவள் பார்த்துச் சொன்னதும் அவர் அழித்து வேறாகப் போட்டார். அவளுடைய மேசையில் நீல மட்டைக் கொப்பி ஒன்று கிடந்தது. அதில் தான் விட்ட பிழைகளையும், எப்படித் திருத்தினாள் என்பதையும் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு பிழையும் ஒரு தரம்தான் இருந்ததாம். அலுவலகத்தை நடத்திய பெரிய சேர் அந்தக் கொப்பியை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவாராம்.

தேத்தண்ணி நேரம் பெரிய சேரே என்னிடம் வந்தார். அப்பாவின் வயதிருக்கும். நல்ல மனிதர். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போய், முன்னால் இருந்த சுழல் கதிரையில் இருத்தி, ஒரு சுற்றுச் சுற்றியும் விட்டார்.

"பேரென்ன, எத்தினையாம் வகுப்பு?"

சொன்னேன்.

"உம்மடை அக்கா வலு கெட்டிக்காரி, தெரியுமோ? பயிற்சி முடிய அவவை இஞ்சையே வேலைக்கு வைச்சிருக்கப் போறன். அவவுக்கு இன்னும் சொல்லேல்லை. நீரும் சொல்லக்கூடாது."

நான் தலையாட்டினேன்.

"உம்மைப் பாக்கத்தான் பாவமாக் கிடக்கு. கிழமைக்கு ஒருக்காத்தானே கொக்காவைக் காணுறீர்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இவ்வளவு படித்த மனிதருக்கு அக்காவின் பாதிப் பெருமைதான் தெரிந்திருக்கிறது. மீதியைச் சொல்ல நான்தான் இருந்தேன்.

"இல்லை சேர். அக்கா ஒவ்வொரு நாளும் வீட்டை வாறவ. விடிய நாலு மணிக்கு எழும்பி, தானே சமைச்சுக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலை வாறவ. இடமில்லாட்டில் நிண்டுகொண்டே வருவா. ஒரு நாளும் பிந்தினதில்லை."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் சேர். என்னோடைதான் படுக்கிறவ."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பெரிய ஆள் என் பேச்சை இடையில் மறிக்காமல் கேட்டது அதுதான் முதல் தரம். அதனால் இன்னும் சொன்னேன். மழையில் நனைந்து வந்த நாள், காய்ச்சலோடு போன நாள், பஸ் வராமல் அச்சுவேலி வரை யாருடையவோ லொறியில் போன நாள் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அவர் மேசை லாச்சியைத் திறந்து இரண்டு டொபி எடுத்துத் தந்தார்.

"நல்ல பிள்ளை. போய் இரும். கொக்காவை ஒருக்கா வரச் சொல்லும்."

அவருடைய அறைக்குக் கண்ணாடிக் கதவு. நான் வெளியில் இருந்து பார்த்தேன். அவர் இருந்தார், அக்கா நின்றாள். அவர் கையை உயர்த்தவில்லை, சத்தம் போடவில்லை. இரண்டு மூன்று பற்றுச்சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். இடையில் ஒரு தரம் அக்கா திரும்பி, கண்ணாடிக்கூடாக என்னைப் பார்த்தாள். வேலை கிடைக்கப் போகும் செய்தியைச் சொல்லிவிட்டார் என்று நினைத்து, நான் டொபியைத் தூக்கிக் காட்டினேன்.

வெளியே வந்தவள் கணினியை அணைத்தாள். மேசையைக் கைக்குட்டையால் துடைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியையும் பேனையையும் பைக்குள் வைத்தாள். நீலக் கொப்பியையும் முதலில் வைத்து, பிறகு எடுத்து மேசையிலேயே விட்டாள்.

"என்ன தங்கச்சி, நேரத்தோடை?" என்று கேட்டார் பக்கத்து மேசை அண்ணை.

"ஓம் அண்ணை, கொஞ்சம் சுகமில்லை."

வெளியே நல்ல வெயில். ஒரு பஸ் தரிப்புக்கு நாலு ரூபா மிஞ்சும் என்றால் நடக்கிற அக்கா, அன்று என்னை ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிப் போனாள். சுவரில் இருந்த படங்களில் எது பெரியது என்று கேட்டு, அதில் இரண்டு கொண்டுவரச் சொன்னாள். மேலே செர்ரிப்பழம் வைத்து உயரமான கண்ணாடிக் கோப்பையில் வந்தது. அக்கா கரண்டியைத் தொடவில்லை. அவளுடையது உருகி ஓரத்தால் வழியத் தொடங்கியதும் அதையும் என் பக்கம் தள்ளினாள்.

"வேறை ஏதும் வேணுமே?"

நான் றோல்ஸ் கேட்டேன். அதுவும் வந்தது.

பிறகு பஸ் நிலையத்து வாங்கில் பின்னேரம் முழுக்க இருந்தோம். பருத்தித்துறை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஏன் ஏறவில்லை என்று கேட்டதற்கு, "இப்ப போனால் அம்மா பயந்துபோவா" என்றாள். வழக்கமான கடைசி பஸ்ஸில்தான் ஏறினோம்.

"அக்கா, சேர் என்ன சொன்னவர்?"

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ கெட்டிக்காரியாம்."

எனக்கு அது போதுமாயிருந்தது. அவள் மடியில் தலை வைத்து நித்திரையாகிவிட்டேன்.

வீட்டில் அவள் சொன்னது, அங்கே வேலை குறைந்துவிட்டது, ஆட்களை நிற்பாட்டுகிறார்கள் என்று. அடுத்த கிழமை தபால் கந்தோரில் இருந்ததை முழுவதும் எடுத்துக்கொண்டு தனியாக யாழ்ப்பாணம் போய்வந்தாள். சேர் காசை வாங்கிக்கொண்டார். கல்லூரிக்கு எழுதிப்போடவில்லை. அது அவர் காட்டிய இரக்கம். ஆனால் பயிற்சிக் கடிதமும் கொடுக்கவில்லை. அக்கா வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தாள். ஐந்தாம் மாதத்தில் ஏன் விட்டீர் என்றுதான் எல்லா இடத்திலும் முதலில் கேட்டார்கள். கூடப் படித்தவர்கள் சான்றிதழ் வாங்கினார்கள். ஒருத்தி சான்றிதழ் விழாவுக்கு அழைப்பிதழ் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு வருடம் கழித்து அக்கா பருத்தித்துறையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான், காலையிலிருந்து கடை பூட்டும் வரை நின்றபடி. நான் வளாகத்துக்குப் போய்வரும் பஸ் காசு அவளுடையது.

கருத்தரங்கு முடிந்த அன்று எனக்கொரு படிவம் தந்தார்கள். பயிற்சிக் காலத்தில் தங்கும் முகவரி என்று அதில் ஒரு கோடு இருந்தது. எங்கே தங்குவதாக எழுதலாம் என்று அக்காவிடம் கேட்டேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கை இருக்கப்போறியோ அதை எழுது" என்றாள். பிறகுதான், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, மடித்தபடியே முழுவதையும் சொன்னாள்.

"ஏனக்கா என்னை அண்டைக்கு ஏசேல்லை?"

"என்னத்துக்கு ஏசிறது? நீ சொன்னதிலை ஒண்டும் பொய்யில்லையே."

அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மடித்த உடுப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் படிவத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். இன்னும் நிரப்பவில்லை.

என் ஒன்பது வயதில் வந்த அந்த விடுமுறை முழுவதும் அக்கா வீட்டில் இருந்தாள். விடுமுறை முடிந்தும் இருந்தாள். எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டாள், பின்னேரங்களில் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். கண் விழித்தால் பக்கத்தில், முகட்டைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா எங்கள் இரண்டு பேரையும் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போவாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நிற்பாள். என்ன கேட்கிறாள் என்று நான் யோசித்ததில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கண்ணை மூடி, அக்கா இனி ஒரு இடத்துக்கும் வேலைக்குப் போகக்கூடாது, எந்நாளும் இப்படியே வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு வெள்ளிக்கிழமையும் விடாமல் கேட்டேன்.