மூன்றாவது குழியின் ஓடுகள்

பானையோட்டை மேலே பார்த்து வகை சொல்லக் கூடாது, உடைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். குறட்டால் ஓரத்தைக் கொஞ்சம் ஒடித்து, புதிதாக உடைந்த பக்கத்தை லென்ஸில் பார்த்தால் மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியும். ஆற்று மணல், உமி, சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புக்கல். மூன்றுக்கும் மூன்று தட்டு. எதிலும் சேராததற்கு ஒரு தட்டு.

கிரேக்க நாட்டில் கிரீட் என்று ஒரு தீவில், மூவாயிரம் வருஷத்துக்கும் முந்தைய மினோவன் காலத்துப் பானைகளை இப்படித்தான் பிரிக்கிறார்கள் என்று லேப்டாப்பில் படம் காட்டினார். பானை எந்த ஊர் மண்ணில் செய்தது என்பதைக்கூட உள்ளே இருக்கும் கல்துணுக்கு சொல்லிவிடுமாம். அதே முறையில்தான் அவர் தன் தொல்லியல் பி.எச்.டி.யை எழுதிக்கொண்டிருந்தார். விக்கிரமங்கலம் பக்கத்தில் அகழாய்வுக்காகத் தோண்டிய குழிகளிலிருந்து ஓடுகள் அரியலூரில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டுக்கு வரும். ஓர் அக்கா பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவிக் கொடுப்பார். நான் உடைத்துப் பிரிப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு செங்கல் சூளைதான். சூளை மண்ணில் சுக்கான்கல் கிடந்தால், சுட்ட செங்கல் மழையில் நனைந்ததும் வெடித்துப் பொரியும். அதனால் மண்ணைக் கையில் எடுத்ததுமே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் மேடம் என்னை வைத்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்தில், யாரோடும் அதிகம் பேசாமல் செய்கிற வேலை. எனக்கு அது போதும்.

மூன்றாவது குழியின் ஓடுகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. அதை எடுக்கத் தண்ணீரில் கொஞ்சம் ஆசிட் விட்டு ஊற வைக்க வேண்டும்.

"சுக்கான்கல் இருக்கிற ஓட்ட இதுல போடக் கூடாது அண்ணே, கல்லு கரைஞ்சு துளை விழுந்துடும். உடைச்சுப் பாத்துட்டுத்தான் போடணும். பத்தே நிமிஷம்தான் ஊறணும்" என்றார் மேடம்.

மறுநாள் அவர் திருச்சிக்குப் போயிருந்தார். நான் அந்தக் குழியிலிருந்து கழுவி வந்திருந்த நான்கு தட்டு ஓடுகளையும் உடைத்துப் பார்க்காமல் மொத்தமாக வாளியில் கொட்டினேன். வெள்ளை போகவில்லை. இன்னும் கொஞ்சம் ஆசிட் ஊற்றினேன். சோடாவைத் திறந்ததுபோலப் பொங்கியது. அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய், கடையில் பேப்பரும் பார்த்துவிட்டு வந்தேன். அலசி எடுத்தபோது ஓடுகள் பளிச்சென்று இருந்தன. மேலெல்லாம் பொடிப்பொடியாகத் துளைகள். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பாதி பொய். துளை விழுந்த இடத்தில் இருந்தது சுக்கான்கல் என்று கைக்குத் தெரிந்தது. சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நான்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேடம் திரும்பி வந்து அவற்றில் சிலதை உடைத்துப் பார்த்தார். உள்ளேயும் துளைகள்.

"உமி அண்ணே. சுடும்போது உமி எரிஞ்சு விழுந்த துளை. மத்த குழில உமி ஒண்ணு ரெண்டுதான், இங்க மொத்தமும் உமி பாருங்க."

முகமெல்லாம் சிரிப்பு. உடனே அவருடைய கைடுக்குப் போன் செய்தார். அந்தக் குழியில் இருந்தவர்கள் வேறு பழக்கக்காரர்கள், வேறு பக்கத்திலிருந்து வந்தவர்களாக இருக்கலாம் என்று மேடம் சொன்னது என் காதில் விழுந்தது. உமி எரிந்தால் நெல் மாதிரி நீளமாகத்தான் பள்ளம் விழும், ஓரம் கறுத்திருக்கும். இவை உருண்டைத் துளைகள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் முழுக்க மேடம் அதையே எழுதினார். திங்கட்கிழமை திருச்சியில் பெரிய ஆட்கள் முன்னால் அதைப் பேசப்போவதாகச் சொன்னார். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே, எப்படிச் சொல்வது என்று தினமும் ஒத்திகை பார்ப்பேன். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் எழுதியது பொய்யாகும். எதிரே போய் நின்றால், "டீ வாங்கிட்டு வரட்டுங்களா மேடம்" என்றுதான் வாயில் வரும்.

"ஏந்தம்பி, பொண்ணு பாக்க வந்தாகூட பொண்ணு இவ்வளவு குனியாது" என்றார் அக்கா. "அந்த ஓட்டுல அப்படி என்னதான் எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா மதியச் சோத்த அப்படியே மூடி எடுத்துட்டுப் போற?"

சனிக்கிழமை மேடம் பையில் பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது குழியின் தட்டிலிருந்து இருப்பதிலேயே தடித்த ஓட்டை எடுத்தேன். பானையின் அடிப்பாகம். அவர் மேஜைமேல் வைத்து நடுவில் உடைத்தேன். ஓரமெல்லாம் துளை, நடுவில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல். அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். நுரைத்தது.

மேடம் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எந்தக் குழி?"

"மூணு."

"நடுவுல மட்டும் கல்லு எப்படி நிக்குது?"

"ஆசிட் அதுவரைக்கும் போவலங்க. நீங்க திருச்சிக்குப் போன அன்னிக்கி உடைச்சுப் பாக்காமப் போட்டுட்டேன். ரொம்ப நேரம் ஊறிடுச்சு."

"எத்தனை ஓடு?"

"நாலு தட்டும்."

அவர் திட்டவில்லை. "நான் கைடுகிட்ட சொன்னப்ப இங்கதான உக்காந்திருந்தீங்க?" என்றார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. திங்கட்கிழமை பேச்சிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டதாக அக்காவிடம் சொன்னார், என்னிடம் இல்லை.

அன்று சாயங்காலம் வரை நாங்கள் மூவரும் நான்கு தட்டையும் மறுபடி பார்த்தோம். தடித்த ஓடுகளில் நடுவில் சுக்கான்கல் மிஞ்சியிருந்தது. அவை பிழைத்தன. மெல்லியவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவற்றில் ஒன்றிரண்டு நிஜமாகவே உமி கலந்ததாக இருந்திருக்கலாம். துளைகள் ஒன்றோடொன்று கலந்து அரித்துப் போயிருந்தன.

ஒரு மெல்லிய ஓட்டை விரலால் தடவிவிட்டு, "இது சுக்கான்கல்தாங்க மேடம்" என்றேன்.

"உங்களுக்குத் தோணுது. அத நான் எழுத முடியாது."

ஒவ்வொரு பைக்கும் ஒரு அட்டை எழுதச் சொன்னார். குழி எண், ஆழம், அதற்குக் கீழே 'மண்வகை தெரியவில்லை, ஆசிட்டால் அரிக்கப்பட்டது.' முதல் அட்டையை அவர் எழுதிக் காட்டினார். மற்றதெல்லாம் என் கையெழுத்து. கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா கிளம்பினார். இன்னும் பாதிப் பைகள் இருந்தன. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.