ஒன்பது ஓட்டும் ஒரு தோட்ட ஜீப்பும்

கட்சி மலருக்கு என் வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். எழுதுவதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றேன். முதல் முறை டெபாசிட் போனது. இரண்டாம் முறை ஆறாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றேன். மூன்றாம் முறை ஒன்பது ஓட்டில் ஜெயித்தேன். நான்காம் முறை பதினோராயிரத்தில் தோற்றேன். நாலுக்கு ஒன்று என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து. பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். இருபத்தைந்து மார்க் வாங்கின பிள்ளையைப் பாஸ் போட்டதே கிடையாது.

ஆகவே என்னைப் பற்றி எழுதப்போவதில்லை. ஈஸ்வரபாண்டி அண்ணனைப் பற்றி எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பட்டும்.

அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கம்பத்துக்காரர். அப்பா திராட்சைத் தோட்டங்களில் பந்தல் போடுகிறவர். எட்டாவதோடு படிப்பை விட்டு ஜீப்பில் கிளீனராக ஏறினார். இருபத்திரண்டு வயதில் ஸ்டியரிங் கைக்கு வந்தது, இன்னும் இறங்கவில்லை. தினமும் விடியுமுன் பதின்மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் மேடு என்று சொல்கிற கம்பமெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவார். சாயங்காலம் அதே பதின்மூன்று பேரை இறக்கிக்கொண்டு வருவார். அந்த ஜீப்பை ஓட்டித்தான் மகள் ஓவியாவை நர்ஸுக்குப் படிக்கவைத்தார். முன்கண்ணாடியில் குச்சனூர் சனீஸ்வரர் படம் இருக்கும். அதன் மேலேயே வியாகுலமேரி என்கிற தோட்டத்துக்காரம்மா தொங்கவிட்ட ஜெபமாலை ஆடும். கட்சிக் கொடி மட்டும் எந்தக் காலத்திலும் ஏறியதில்லை.

"கொடி கட்டுனா அது கட்சி வண்டியாயிரும் டீச்சரம்மா. இதுல ஏறுறவுக எல்லாக் கட்சியும் இருக்காக," என்பார்.

முதல் தேர்தலில்தான் அவரைப் பார்த்தேன். பார்த்தேன் என்ன, சண்டை போட்டேன். காலை நாலே முக்காலுக்கு ஜீப் ஸ்டாண்டில் போய் நின்று, ஏறப்போன பெண்களை நிறுத்தி வைத்துப் பேசினேன். பெண் கல்வி, ரேஷன், குடிநீர் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். நடுவில் அவர் ஹாரன் அடித்தார். நான் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தார்.

"ஓட்டுக் கேக்குறது ஒங்களுக்கு இடைஞ்சலா இருக்கா?" என்று கத்தினேன்.

"கேளுங்க, வேண்டாங்கல. அஞ்சே காலுக்கு மேட்டுல ஏறலைன்னா இவுகளுக்கு அரைச் சம்பளம் போயிரும்," என்றார்.

இருபது நிமிடம் பேசிவிட்டுத்தான் விட்டேன். அன்றைக்குப் பதின்மூன்று பேருக்கும் அரைச் சம்பளம் போனது. அது எனக்குத் தெரியவந்தது டெபாசிட் போன பிறகு. ராஜாத்தி என்று ஒருத்தி, வாயில்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்களே அந்த மாதிரி, சந்தையில் என்னை நிறுத்திச் சொன்னாள். "ஒம் பேச்சக் கேட்டதுக்கு நாங்க குடுத்த கூலி அது டீச்சர்." எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் யார் மேல் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்த பிறகுதான் விளங்கியது.

இரண்டாம் தேர்தலில் திருந்திவிட்டேன். நாலரைக்கே போனேன், இரண்டு நிமிடம் பேசினேன், கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். ஈஸ்வரபாண்டி அண்ணன் ஜீப்பைக் கிளப்பாமல் என்னையே பார்த்தார்.

"எல்லாரும் வந்து ஓட்டுக் கேக்குறாக. இவுக எப்ப வந்து போடுவாகன்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா?"

ஓட்டுப்பதிவு நாளில் தமிழ்நாட்டில் விடுமுறை. மேட்டைத் தாண்டினால் கேரளா, அங்கே தோட்டங்களில் விடுமுறை கொடுப்பதில்லை. வேலைக்கு வராதவர்களின் பேரை வெட்டிவிடுவார்கள். காலையில் வாக்குச்சாவடி திறக்க ஏழு மணியாகும், சாயங்காலம் ஜீப் கீழே வந்து சேர ஆறரை ஆகும். ஆறு மணிக்கே வாக்குச்சாவடியின் கதவைச் சாத்திவிடுவார்கள். மலைக்குப் போகிற பெண்களில் பலர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓட்டே போட்டதில்லை. ராஜாத்தி மட்டும் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒரு தடவை போட்டிருக்கிறாள். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு உறைக்கவில்லை என்றால் வெட்கக்கேடுதானே!

அந்தத் தடவையும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றாம் தேர்தல் வந்தபோது எங்கள் ஒன்றியச் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். ஜீப்புக்கு நாம் வாடகை கொடுத்து அவர்களைச் சீக்கிரம் இறக்கிவிடலாம் என்றார். நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு அவர் பின்னால் ஸ்டாண்டுக்குப் போனேன். செயலாளர் நீட்டின பணத்தை ஈஸ்வரபாண்டி அண்ணன் தொடக்கூட இல்லை.

"ஒங்ககிட்ட வாடகை வாங்குனா அது ஒங்க ட்ரிப்பு. இது இவுக ட்ரிப்பு. கங்காணிகிட்ட நான் பேசிக்கிறேன். நாலரைக்கு விடச் சொல்லி எறக்கிருவேன். ஒங்களுக்காக இல்ல, பாத்துக்கங்க."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வேட்பாளரோ கட்சியோ காசு கொடுத்து ஓட்டர்களை வண்டியில் ஏற்றினால் சட்டப்படி அது முறைகேடு, ஜெயித்தாலும் பதவி போய்விடும் என்று எனக்கே பிற்பாடுதான் ஒரு வக்கீல் சொன்னார். ஈஸ்வரபாண்டி அண்ணனுக்குச் சட்டமெல்லாம் தெரியாது. யாருடைய ட்ரிப் என்பது மட்டும் தெரியும்.

ஓட்டுப்பதிவு அன்று நடந்ததை எனக்கு ராமுத்தாய் சொன்னாள். அவளும் அந்தப் பதின்மூன்று பேரில் ஒருத்தி. சொன்னபடி நாலரைக்குத் தோட்டத்தை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். மேட்டைத் தாண்டி நாலாவது வளைவுக்கு வந்தால், ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது. லாரிக்கு முன்னாலும் வண்டி நுழைய வழியில்லை, பின்னாலும் இல்லை. மணி ஐந்தேகால்.

லாரிக்குக் கீழ்ப்பக்கம், மேலே ஏற வந்த ஒரு ஜீப் நின்றது. சுருளிராஜனுடைய வண்டி. அரிசி மூடையும் பூச்சிமருந்து டின்னும் ஏற்றிக்கொண்டு அதே தோட்டத்துக்குப் போகிறவர். அந்த மலைப்பாதையில் மண் சரிந்தோ மரம் விழுந்தோ வழி அடைத்துக்கொண்டால் ஜீப்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேல்வண்டியும் கீழ்வண்டியும் சுமையை மாற்றிக்கொள்வார்கள். ஆள் நடந்து மறுபக்கம் போய் ஏறிக்கொள்ளும், சாமான் கைமாறும், இரண்டு வண்டியும் வந்த வழியே திரும்பிவிடும். ஸ்டியரிங்கை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அடுத்தவன் வண்டியை மலையில் தொடக்கூடாது என்பது அவர்களுக்குள் சத்தியம் மாதிரி.

ஈஸ்வரபாண்டி அண்ணன் லாரியைச் சுற்றிப் போய் சுருளிராஜனிடம் சொன்னாராம், "ஏலே, ஆள நீ எறக்கு. சுமைய நான் ஏத்துறேன்."

பெண்களே மூடைகளைத் தூக்கிக்கொடுத்தார்கள். பிறகு சுருளிராஜன் வண்டியில் நெருக்கியடித்து ஏறினார்கள். ஆறுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பள்ளிக்கூட வாசலில் வந்து குதித்தார்கள். ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். முதல் சீட்டு ராமுத்தாய்க்கு. அந்தச் சீட்டைப் பிரசாதம் மாதிரி கைக்குள் பொத்திக்கொண்டு நின்றதாகச் சொன்னாள்.

எண்ணி முடித்தபோது ஒன்பது ஓட்டில் ஜெயித்திருந்தேன். பதின்மூன்று பேரும் எனக்குத்தான் போட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ராஜாத்தி என் முகத்துக்கு நேரே "ஒனக்குப் போடல டீச்சர்" என்று சொன்னவள். ஆனாலும் அந்த ஒன்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜீப்தான் கண்ணில் வந்தது. மாலையும் கழுத்துமாக ஸ்டாண்டுக்குப் போய் ஈஸ்வரபாண்டி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ஒங்க ஓட்டும் சேந்துதான்ணே இந்த ஒம்போது," என்றேன். பேச்சு வேகத்தில் வந்த வார்த்தை அது.

அவர் சிரித்தார். "நல்லா இருங்க," என்றார்.

ஒரு மாதம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. என்னிடம் தோற்றவர் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டார். வாக்குச்சாவடி முன்னால் ஒரு ஜீப்பிலிருந்து பெண்கள் இறங்குகிற போட்டோவும் அதோடு இருந்தது. அந்த ஜீப்பின் கதவில் எங்கள் கட்சிச் சின்னம் பளிச்சென்று ஒட்டியிருந்தது. சுருளிராஜன் எங்கள் கட்சிக்காரர். ஈஸ்வரபாண்டி அண்ணன் ஆயுசுக்கும் கொடி ஏற்றாமல் காப்பாற்றிய பெண்களை அன்று ஸ்டிக்கர் ஒட்டின வண்டியில் இறக்கவேண்டியதாகிவிட்டது. அந்த ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னவள் நான்தான், அதையும் எழுதிவிடுகிறேன்.

வாடகை கொடுத்து ஓட்டர்களை ஏற்றினேன் என்பது புகார். நிரூபணமானால் பதவி போகும், ஆறு வருடம் தேர்தலில் நிற்கவும் முடியாது. சுருளிராஜன் சாட்சியை நம்புவார்களா? கட்சிக்காரன் கட்சிக்காகத்தான் பேசுவான் என்பார்கள். "சுமை மாத்திக்கிற வழக்கம்" என்று எங்கள் வக்கீல் சொன்னதற்கு எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துவிட்டார். நான் ராத்தூக்கம் இல்லாமல் இளைத்துப்போனேன். பொய் சொல்ல வராத ஓர் ஆள் வேண்டும். ஈஸ்வரபாண்டி அண்ணனைத்தான் கூப்பிட்டோம்.

சென்னைக்கு பஸ்ஸில் வந்தார். வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் துன்னூறு பூசி, கூண்டில் ஏறி நின்றார். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மேட்டுச் செக்போஸ்ட் பதிவேட்டின் நகல். கேரளத்து அதிகாரியிடம் மலையாளத்தில் பேசி எழுதி வாங்கி, முத்திரையும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அன்று மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவர் வண்டி அரிசி, மருந்து டின்னோடு மேலே போயிருக்கிறது. கீழே ஈஸ்வரபாண்டி அண்ணனின் கையெழுத்து.

நீதிபதி அதை வாங்கிப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"நீங்கள் எம்.எல்.ஏ. ஞானசெல்விக்கு வேண்டிய ஆள். அவருக்கு ஓட்டுப் போட்டவர். அதனால்தான் இப்படிச் சொல்கிறீர்கள்."

யாருக்குப் போட்டார் என்று கேட்கவே கூடாது என்று எங்கள் வக்கீல் ஆட்சேபம் சொல்ல எழுந்தார். அதற்குள் ஈஸ்வரபாண்டி அண்ணன் பதில் சொல்லிவிட்டார்.

"நான் ஓட்டே போடலைங்கய்யா. அஞ்சு அம்பத்தஞ்சுக்கு மேட்டுல இருந்தவன் ஆறு மணிக்குக் கம்பத்துல எப்பிடிங்க ஓட்டுப் போட முடியும்? லாரிய எடுக்க எட்டு மணியாயிருச்சு."

என் பதவியைக் காப்பாற்றப்போகிற அந்தத் தாள்தான் அவர் ஓட்டுப் போடவில்லை என்பதற்கும் அத்தாட்சி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு "ஒங்க ஓட்டும் சேந்துதான்" என்று உளறியது நினைவுக்கு வந்தது. அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எம்.எல்.ஏ. அழுதார் என்று மறுநாள் ஒரு பேப்பரில் போட்டிருந்தார்கள், போடட்டும்.

வெளியே வந்ததும் சண்டைக்குப் போனேன். "ஏண்ணே எங்கிட்டச் சொல்லல? வண்டிய மாத்திக்கிட்டு நீங்க எறங்கியிருக்கலாம்ல? சுருளிராஜன் காலையிலேயே ஓட்டுப் போட்டவருதான?"

"மலையில அடுத்தவன் ஸ்டியரிங்கத் தொடக்கூடாது டீச்சரம்மா. பதிமூணு பேரு எறங்குனாக, ஒத்த ஆளு ஏறுனேன். இதுல நட்டம் என்ன இருக்கு? வாங்க, காப்பி குடிப்போம்," என்றார்.

வழக்குத் தள்ளுபடியானது. ஐந்து வருடமும் முழுதாக இருந்தேன். ரோடு போட்டேன், பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒவ்வொரு நாளும் அவர் கொடுத்த நாள். மலைப் பெண்களுக்கு ஓட்டுப்பதிவு அன்று விடுமுறை வாங்கித்தரத்தான் முடியவில்லை. இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் எழுதி எழுதிக் கை ஓய்ந்தது.

நான்காம் தேர்தல் வந்தது. ஓட்டுப்பதிவு அன்று காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடிகளைப் பார்த்துக்கொண்டே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வாசலில் ஈஸ்வரபாண்டி அண்ணனின் ஜீப் நின்றது. எனக்குத் திக்கென்றது. அந்நேரத்துக்கு அது மேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். பதின்மூன்று பெண்களும் சோற்றுத் தூக்கோடு வரிசையில் நின்றார்கள். வரிசையின் முதல் ஆளாக அவர் நின்றார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

என்னைக் கண்டதும் ராஜாத்தியிடமிருந்து தப்பித்துக்கொள்ளப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சரம்மா. ஏற மாட்டேங்குறாக. நேரமாயிருச்சு, இவுகளுக்கு அரைச் சம்பளம் போயிரும்."

"போகட்டும்," என்றாள் ராஜாத்தி. "நீ ஓட்டுப் போட்டாத்தான் வண்டியில ஏறுவோம்னு நேத்தே பேசி முடிச்சாச்சு. பேசாம உள்ள போய்யா."

அவர் உள்ளே போனார். நான் வெளியே போய் என் காருக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் தேர்தலில் இதே பெண்கள் என்னால் இழந்த அதே அரைச் சம்பளத்தை, இப்போது அவர்களாகவே அவருக்காகக் கொடுத்தார்கள்.

எல்லோரும் போட்டு முடித்து ஏழரைக்கு ஏறினார்கள். என் கார் ஜீப்புக்கு முன்னால் வழியை மறித்து நின்றது. நான் அதைக் கவனிக்காமல் ஸ்டியரிங் மேல் இருந்த அவர் விரலில் மை இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார்.

"வண்டிய எடுங்க டீச்சரம்மா. மேட்டுல ஏறணும்," என்றார்.

எடுத்தேன்.