பொறுங்க டீச்சர்

குனிந்து ஒரு குழந்தையின் ஷூ நாடாவை முடிந்துகொண்டேதான் டீச்சர் பெற்றோருக்குப் பதில் சொல்வார். வகுப்பறை வாசற்படியில் ஒரு முழங்காலை ஊன்றியிருப்பார். இன்னொரு முழங்காலின் மேல் யாரோ ஒரு குழந்தையின் பாதம் இருக்கும். தலைக்கு மேலே ஒரு அம்மா, "இன்னும் எழுத்தையெல்லாம் திருப்பித் திருப்பிப் போடுறா டீச்சர்" என்பார். கீழேயிருந்து பதில் வரும்: "பொறுங்கம்மா, தானா நேராகும்." முடிச்சு இறுகும். அடுத்த பாதம் ஏறும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒன்றாம் வகுப்புதான். அதே அறை. மேல் வகுப்புக்கு மாற்றட்டுமா என்று இரண்டு முறை கேட்டார்கள். "மேல போனா பிள்ளைங்க என்கிட்ட தப்பு கண்டுபிடிக்கும். கீழயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பெற்றோர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பொறுங்க டீச்சர்'. அது அவருக்கும் தெரியும்.

ஆள் குள்ளம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவரை உயரத்தில் தாண்டிவிட்டார்கள். வலது கைவிரல்களில் சாக்பீஸ் தூள் நிரந்தரம். கைப்பையில் ஊக்கு, ரப்பர் பேண்ட், ஒரு தகர டப்பி. வகுப்பில் யாருக்காவது பல் விழுந்தால் காகிதத்தில் மடித்துப் பெயர் எழுதி அந்த டப்பியில் போட்டு, மாலையில் வாசலில் வைத்து உரியவரிடம் ஒப்படைப்பார். ஒருமுறை இரண்டு பொட்டலங்கள் இடம் மாறிவிட்டன. இரு வீட்டுக் குழந்தைகளும் விடிய விடிய அழுததாக மறுநாள் புகார் வந்தது. தலை எண்ணும் வழக்கமும் உண்டு. பேருந்தில் ஏறினால் எண்ணுவார், மருத்துவமனை வரிசையில் நின்றால் எண்ணுவார். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் கணவர் சொன்னார்: "வீட்ல நாங்க மூணே பேரு. சாப்பிட உக்காந்தா எங்களையும் ஒருவாட்டி எண்ணிட்டுத்தான் தட்டு வைப்பா."

பள்ளி திறந்த மூன்றாம் வாரம் பெற்றோரைக் கூப்பிடுவார். இந்த ஆண்டு என் மகனும் அவர் வகுப்பு என்பதால் நானும் போயிருந்தேன். இந்த வருஷம் பிள்ளை என்ன படிக்கும் என்று கேட்கத்தான் எல்லோரும் வந்திருந்தோம். அவர் பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை.

"மொத வாரம் பிள்ளைங்க அழுதுச்சு. இந்த வாரம் அழப்போறது நீங்க. பிள்ளை திரும்பிப் பாக்காம உள்ள போயிடும். அடுத்த மாசம், 'எங்க டீச்சர் அப்படிச் சொல்லல'ன்னு உங்களையே மடக்கும். சண்டைக்குப் போகாதீங்க, என் வீட்ல எனக்கே அந்த மரியாதை கிடையாது. பாதி வருஷத்துல, பக்கத்து வீட்டுப் பிள்ளை சரளமா வாசிக்கிற மாதிரியும் உங்க பிள்ளை ஒரே வரியில மாட்டிக்கிட்ட மாதிரியும் தோணும். பொறுங்க. ஒரு நாள் ரோட்டுல போறப்ப கடைப் பலகையைத் தானா படிக்கும். தப்பாத்தான் படிக்கும். திருத்தாதீங்க. 'ழ' வரலியேன்னு மட்டும் யாரும் என்கிட்ட வந்து நிக்காதீங்க. அது உங்கள்ல பாதிப் பேருக்கு வரல."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு அதே குரலில், எதையும் கூட்டாமல் குறைக்காமல், நான்கு வருடத்துக்கு முந்தைய விஷயத்தைச் சொன்னார். ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் சொல்கிறாராம்.

அந்த வகுப்பில் ஒரு தையல்காரம்மாவின் மகள் இருந்தாள். அமைதியான பெண். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பத்தாவது வாரம் தாய் வந்து, "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா டீச்சர்" என்றார். "பொறுங்கம்மா, ஆறு வயசு, ஏதாவது யோசனையில இருக்கும்" என்றார் இவர். இரண்டு மாதம் கழித்துத் தாய் மறுபடியும் வந்தார். இவர் மறுபடியும் அதையே சொன்னார். வாசிப்பில் பின்தங்கியிருந்தாள்தான், ஆனால் எழுத்து அத்தனை சுத்தமாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து அவள் எழுதிக்கொண்டிருந்ததை இவர் கவனிக்கவில்லை. ஆண்டு முடியும் தறுவாயில் தாயே டாக்டரிடம் கூட்டிப் போனார். ஒரு காது கேட்கவே இல்லை. மற்றது பாதி.

மறுநாள் தாய் பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நீங்க பொறுங்கன்னீங்க. பொறுத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.



அப்புறம் என்ன நடந்தது என்பதை டீச்சர் அன்று சொல்லவில்லை. சில நாள் கழித்து, நீளம் அதிகமான ஒரு கால்சட்டையோடு அந்தத் தையல்காரம்மாவின் கடைக்குப் போனேன். டீச்சரைப் பற்றிக் கேட்டதும் மெஷினை நிறுத்தாமலே பேசினார்.

"பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்னைக்கே வந்தாங்க. வாசல்ல நின்னாங்க. நான் நிமிரல. 'தினம் ஒரு மணி நேரம் வந்து சொல்லிக் குடுக்கட்டுமா'ன்னாங்க. வேணாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். பிள்ளை ஒரு வருஷத்தை விட்டுட்டாளே. 'உங்க இஷ்டம்'னேன்."

லீவு முழுவதும் வந்திருக்கிறார். துணிக்கட்டுகளுக்கு நடுவே தரையில் அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, தன் உதடு தெரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் காட்டியிருக்கிறார். முதல் வாரம் தாய் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் வாரம் ஒரு முக்காலி போட்டு வைத்தார்.

"பாதி லீவுல காதுக்கு மெஷின் வந்துச்சு. மாட்டிக்கிட்டு உக்காந்தா. இவங்க பழக்கத்துல உரக்கச் சொல்லிக் குடுக்குறாங்க. பிள்ளை ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, 'அம்மா, டீச்சர் கத்துறாங்க'ன்னா." தையல்காரம்மா பெடலிலிருந்து காலை எடுத்தார். "எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவங்க சிரிக்கல. எழுந்திருச்சு வெளிய போய் நின்னுட்டு, முகத்தைத் தொடச்சிக்கிட்டு வந்து, மெதுவாச் சொல்லிக் குடுத்தாங்க."

மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. நான் இருந்தபோதே கடைக்குள் வந்து, என் ரசீதில் இருந்த எழுத்துப் பிழையைக் காட்டிவிட்டுப் போனாள். மன்னித்துவிட்டீர்களா என்று தாயைக் கேட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அதைப் பத்தி நாங்க பேசினதில்ல. ஜாக்கெட் தைக்கக் குடுப்பாங்க. தைச்சுக் குடுப்பேன்."

அன்று கூட்டத்தில் டீச்சர் அந்தக் கதையை முடித்ததும், சீருடையிலேயே வந்திருந்த ஒரு பஸ் டிரைவர் கையைத் தூக்கினார். "அப்போ எதுக்குப் பொறுக்கணும், எதுக்குப் பொறுக்கக் கூடாது? அதைச் சொல்லிட்டீங்கன்னா தேவலை."

"கண்ணு, காதுன்னா ஒரு நாளும் பொறுக்காதீங்க. மத்ததுக்கு எனக்கே சரியாத் தெரியலைங்க. பத்துல ஒம்போது தானா சரியாகும். அந்த ஒண்ணு எதுன்னு யாருக்குத் தெரியும்? உங்க மனசு கேக்கலன்னா வந்து சொல்லுங்க. நான் பொறுங்கன்னு சொன்னாலும் மறுபடி வந்து சொல்லுங்க."

டிரைவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இன்ன மாதம் சரியாகும் என்று தேதியோடு சொல்லும் பதிலை எதிர்பார்த்து வந்தவர் அவர். எங்களில் பலரும் அப்படித்தான்.

ஷூ நாடாவும் பல் பொட்டலமும் வழக்கம்போல நடக்கின்றன. 'பொறுங்கம்மா'வும் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் வாசலில் எண்ணிப் பார்த்தேன், ஒரே மணி நேரத்தில் பதினொரு தடவை.

சென்ற வாரம் என் மகனை அழைத்துவரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வகுப்பு காலி. டீச்சர் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டி, பூட்டும் சாவியுமாக வாசலுக்கு வந்திருந்தார். தெருமுனையில் அவர் வீட்டுக்குப் போகும் பேருந்து ஹாரன் அடித்தது. அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான். கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த டிரைவர் படியோரம் நின்று தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு. பையன் டீவியை ரொம்பக் கிட்டப் போய்ப் பாக்குறான். எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான்னு வீட்ல சொல்றாங்க. நீங்க கிளம்புங்க, நாளைக்குக்கூடப் பேசிக்கலாம்."

பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. டீச்சர் பையை இறக்கிக் கீழே வைத்தார். படியிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பி, முதலில் அன்றைய தேதியை எழுதினார்.