இலைக்காம்பும் பூக்காம்பும்

அந்தச் சிவப்பு அல்லிக் கட்டை நான் கடையில்தான் வாங்கினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆய்வக வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுவது இது, என் பெருமையைப் பேச அல்ல.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. கலைவாணி எம்.ஃபில். ஆய்வுக்காகக் கண்டமங்கலத்திலிருந்து தினமும் விழுப்புரத்தில் பஸ் மாறி வருவார். வெள்ளை, நீலம், சிவப்பு என மூன்று அல்லி இனங்களின் இலையையும் இலைக்காம்பையும் மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிடுவது அவர் வேலை. மாதிரி கொண்டுவருவதும் செக்‌ஷன் வெட்டுவதும் என் வேலை. பிளேடால் மெல்லிசாக வெட்டிச் சாயம் போட்டால், காம்புக்குள் காற்றறைகள் ஜன்னல் ஜன்னலாகத் தெரியும். அவற்றின் ஓரத்தில் நட்சத்திரம் போலச் சில செல்கள் மின்னும். அவர் பார்த்துவிட்டு நகர்ந்து எனக்கு இடம் விடுவார். அதற்காகவே நான் காலையில் சீக்கிரம் வந்துவிடுவேன்.

ஒரு நாள் சிவப்பு அல்லியின் காம்பு தேவைப்பட்டது. ஏரியிலோ கழுத்தளவு தண்ணீர். எனக்குச் சோம்பல். மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்கு விற்கப் பூக்காரம்மா வைத்திருந்ததில் ஒரு கட்டு வாங்கி, பூவைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் கொடுத்தேன். காம்பு காம்புதானே என்று நினைத்தேன்.

வெள்ளையிலும் நீலத்திலும் நடுவில் இரண்டு பெரிய காற்றறைகள். சிவப்பில் ஐந்தாறு, வட்டமாக. கலைவாணிக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். ஆய்வின் முக்கிய முடிவே அதுதான் என்று ஆகிவிட்டது. ஜூனில் விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரி வேலை அவருக்காகக் காத்திருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது, மீந்துகிடந்த வெள்ளை அல்லியின் பூக்காம்பைச் சும்மா வெட்டிப் பார்த்தேன். ஐந்தாறு அறைகள், வட்டமாக. கடையில் வாங்கிய சிவப்புக் கட்டு முழுக்கப் பூக்காம்புதான் என்பது அப்போதுதான் உறைத்தது. நாங்கள் கண்டது இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடே இல்லை. இலைக்காம்புக்கும் பூக்காம்புக்கும் உள்ள வேறுபாடு.

சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் தப்பான முடிவோடு போய்விடுவார். மறைக்காமல் எழுதுகிறேன்: சொன்னால் இன்னும் இரண்டு மாதம் இங்கேயே இருப்பார் என்பதும் மனதில் ஓடியது.

சொல்லிவிட்டேன்.

"இலைக்காம்புன்னு நெனச்சிக்கினு தான இத்தன நாளா படம் வரஞ்சேன்" என்றார். "கைடு சாருக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது மேடம். உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"சொல்லாம வுட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதுண்ணா."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போனது.

பிறகு இருவருமாக ஏரிக்குப் போனோம். நான் இறங்கி இலையோடு சேர்த்து அறுத்துத் தர, அவர் கரையில் நின்று ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டினார். புதிய செக்‌ஷனில் வெள்ளையும் சிவப்பும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. ஆய்வேட்டில் சுவாரசியம் குறைந்தது, ஆனால் சரியாக இருந்தது. அந்த இரண்டு மாதம் போல எனக்கு மறுபடி வாய்க்கவே இல்லை.

கடைசி நாள் கிளம்பும்போது சொன்னார்: "வேலை போச்சேன்னு உங்க மேல அவ்ளோ கோவம்ணா. ஆனா தப்ப மறைக்காம வந்து சொன்னீங்க பாருங்க, அத மறக்க மாட்டேன். உண்மையத் தவிர வேற எதையும் நீங்க யோசிக்கல."

நான் தலையை ஆட்டினேன்.

மாதிரியை எந்த உறுப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், அறுத்தவரே எழுதட்டும். நான் கற்றது இதுதான். கலைவாணி இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. ஒருமுறை பார்த்து, நான் அன்று வேறு ஒன்றையும் யோசித்தேன் என்று சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது.