எமிலி சாகக்கூடாதாம்

சுகந்தி அக்கா போய்விட்டார். நேற்று விடியற்காலை, சாவகச்சேரியில், வீட்டிலேயே... மாரடைப்பு.

முந்தநாள்கூட ஹெட்செட்டில் என்னோடு சிரித்த மனுசி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானும் அக்காவும் மெல்பேர்ணில் ஏசி பூட்டும் ஒரு சின்னக் கம்பனிக்கு, இங்கே யாழ்ப்பாணத்தில் அவரவர் வீட்டிலிருந்தே போன் எடுத்து புக்கிங் போடுகிறவர்கள். வேர்ச்சுவல் அசிஸ்டன்ட்.

முதலாளி வெள்ளைக்காரன் இல்லை, எங்கடை ஆள்தான். ஆனாலும் முதல் நாளே பெயரை மாற்றிவிட்டார். "சுகந்தி எண்டால் இஞ்சத்தைச் சனத்துக்கு வாயிலை நுழையாது." அக்கா எமிலி. நான் சோஃபி. கஸ்டமர்மாருக்கு நாங்களும் மெல்பேர்ணில்தான் இருக்கிறோம்.

மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் அவருக்கு அலேர்ட் போகும். அக்கா என்ன செய்வார் தெரியுமா... திரும்பித் திரும்பிச் சுழலும் ஃபானில் நூலைக் கட்டி, மவுஸை அதில் தொடுத்துவிட்டுப் புட்டு அவிக்கப் போய்விடுவார். "காத்தும் வருது, வேலையும் நடக்குது பிள்ளை!"

மார்கரெட் என்று ஒரு வயதான கஸ்டமர். ஏசியில் ஒரு பிழையும் இருக்காது. எமிலியோடு கதைக்கவே எடுப்பார். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும், அக்கா மெல்பேர்ண் வானிலையைப் பார்த்து "இங்கயும் மழைதான்" என்று இங்கிலீசில் சொல்லுவார். போனை வைத்த பிறகு என்னோடு கதைக்கும்போது குரல் வாடிக் கிடக்கும்.

"பாவம் மனுசி, அப்பிடியே நம்புது. என்ரை பேரை ஒருக்காச் சொல்லிப்போடோணும் போலை கிடக்கு. என்ன செய்ய, கோல் எல்லாம் ரெக்கோர்ட் ஆகுதே."

நேற்று செத்தவீட்டில் நிற்கிறேன்... முதலாளியின் வொய்ஸ் மெசேஜ்.

"சரியான கவலை பிள்ளை. ஆனா கஸ்டமர்மாருக்கு எமிலியைத்தான் பழக்கம். நாளையிலை இருந்து நீரே எமிலியா இரும். சோஃபி லீவு எண்டு சொல்லுவம்."

சீ! பிரேதம் இன்றைக்குப் பின்னேரம்தான் எடுக்கிறார்கள். அதற்குள்...

கவலையாம், கவலை! ஊரில் யார் செத்தாலும் முகநூலில் கண்ணீர் வடிக்கிற ஆள் இவர்.

இன்று காலை மார்கரெட் எடுத்தார். எமிலி இருக்கிறாரா என்று கேட்டார்.

எமிலி இறந்துவிட்டார் என்றேன். அவரின் உண்மையான பெயர் சுகந்தி, இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றும் சொன்னேன். ரெக்கோர்ட் ஆகிறது என்று தெரிந்துதான் சொன்னேன். இந்த வேலையில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. போனால் போகட்டும்.

மார்கரெட் மெல்லச் சொன்னார்.

"சுகந்தி."

முதல் முறையிலேயே. பிழையில்லாமல், வடிவாக வந்தது.

போயிட்டு வாங்கோ, சுகந்தி அக்கா...