எந்த ஆயா?

சனிக்கிழமை காலை மணி பத்து இருபது. என் மகள் எஸ்தர் கஞ்சிக் கிண்ணத்தோடு மேஸ்திரியின் அறைக்குள் போனாள். கட்டில் காலி.

எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. மகள் வேலை பார்க்கும் இடத்துக்கு அவளுடைய மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அப்பா... மேஸ்திரித் தாத்தாவைக் காணோம்" என்று அவள் வந்து நின்ற முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இதை எழுதும்போதுகூட எழுத்து கோணிக்கொண்டு போகிறது. அச்சுக்கோக்கிறவர் என் கிறுக்கலை மன்னிக்கவேண்டும்.

எங்கள் ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத முதியவர்கள் ஆறு பேர் அங்கே தங்கியிருக்கிறார்கள். ரிட்டயரான டீச்சரம்மா ஒருவர் நடத்துகிறார். ஊர் வைத்த பெயர் 'கெழவங்க பங்களா'. நர்ஸ் வேலை படித்த என் மகளுக்கு நான்கு மாதமாக அங்கேதான் உத்தியோகம். அன்று டீச்சரம்மா வாணியம்பாடி போயிருந்தார். பொறுப்பு முழுக்க எஸ்தர் தலையில். அவளுக்கு வயது இருபது.

மேஸ்திரி, தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருஷம் ஆட்களை மேய்த்தவர். ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில்தான் வேலூரில் ஆபரேஷன் முடிந்து, கட்டோடு வந்திருந்தார். குனியக் கூடாது, இருமக் கூடாது, தும்மவே கூடாது. தும்மினால் புண் வாய் திறந்து இந்தக் கண்ணும் போய்விடும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கட்டைப் பிரிக்க, அன்று பகல் ரயிலில் டாக்டரம்மாவே வருவதாக ஏற்பாடு.

கட்டுப் போட்ட கண்ணோடு ஒரு மனுஷர் எங்கே போவார்?

பக்கத்துக் கட்டில் பெரியவர் படுத்தபடியே சொன்னார்: "ஆயாகூடப் போனாரு. நான்தான் பார்த்தனே."

அப்பாடா! வாசல் சிலேட்டில் டீச்சரம்மா கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார் — 'ஆயா துணையின்றி யாரும் வெளியே போகக் கூடாது.' ஆயா என்றால் அங்கே வேலை பார்க்கும் கனகம்மா. வெள்ளைக்காரர் வீட்டில் குழந்தை வளர்த்த கெட்டிக்காரி. அவள் கூட இருக்கும்போது என்ன பயம்?

அந்த நிம்மதியில் கால் மணி நேரம் போயிற்று. பிறகு கனகம்மா தண்ணீர்க் குடத்தோடு கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தனியாக.

"மேஸ்திரி எங்க?" என்றாள் எஸ்தர்.

"என்னைக் கேட்டா? இன்னாம்மா நீ... நான் கெணத்தாண்ட இல்ல இருந்தேன்!"

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த ஆயாவ யாரு சொன்னா? ராஜம்மா ஆயாகூடப் போனாருன்றேன்!"

அப்போதுதான் எனக்குச் சிலேட்டின் குழப்பம் புரிந்தது. டீச்சரம்மாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. அங்கே பாட்டிக்கு ஆச்சி என்று பெயர். எங்கள் பக்கத்தில் ஆயா. ராஜம்மா அந்த ஆறு பேரில் ஒருத்தி, எழுபதைத் தாண்டியவள், காது சுத்தமாகக் கேட்காது. எல்லோரும் அவளை ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம். சிலேட்டைத் தினமும் படிக்கிறோம். ஒருவருக்காவது உறைத்ததா? மேஸ்திரி சட்டப்படிதான் போயிருக்கிறார்!

"எங்கய்யா போனாங்க?" என்று கத்தினேன்.

"டேனரிக்கு. காத்துல நாத்தம் வேற மாதிரி வருதாம். சுண்ணாம்புக் குழியில தோல் கெட்டுப் போவுதாம். சொல்லிட்டு வந்துர்றேன்னு கெளம்பிட்டாரு. ஒரே பேஜார் புடிச்ச மனுஷன்!"

ஓடினோம். அரை மைல். எதிரே தோல் வண்டிகள், குதிரை ஜட்கா, மாடுகள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது. எந்த வண்டி மணி யாருக்குக் கேட்கும்? எஸ்தர் எனக்கு முன்னால் ஓடினாள். இருபது வயதுப் பெண் தெருவில் ஓடுவதை ஆம்பூரே நின்று பார்த்தது. பார்க்கட்டும்.

டேனரிக் காவல்காரன் கையைக் காட்டினான். "பட்டை ஷெட்டுல குந்தினுகீறாரு."

பட்டை ஷெட்! ஆவாரம்பட்டையை இடித்துத் தூளாக்கும் இடம். உள்ளே மஞ்சள் புகைபோலத் தூள் பறந்தது. வாசலிலேயே நான் இரண்டு முறை தும்மினேன். நடுவில் ஒரு சாக்கு மூட்டையின்மேல் மேஸ்திரி. அவர் கையை இறுகப் பிடித்தபடி ராஜம்மா ஆயா. எதிரே இப்போதைய மேஸ்திரி தலை குனிந்து நின்றான்.

"ஏண்டா, எனக்குக் கண்ணுதான் இல்ல. உனக்கு மூக்குமா இல்ல?"

(குழி விஷயத்தில் கிழவர் சொன்னது சரிதானாம். இருக்கட்டும்.)

எஸ்தர் தன் முந்தானையை அவர் மூக்கில் வைத்து மூடினாள். "தாத்தா, தும்மல் வருதா?"

"இப்ப வரல கண்ணு."

"முன்னாடி?"

"ஒண்ணே ஒண்ணு. சின்னதுதான்."

கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். வழியெல்லாம் என் மனசில் ஒரே கணக்கு. 'வாத்தியார் பொண்ணு ஒரு கெழவரைக் குருடாக்கிட்டா' என்று ஊர் சொல்லுமே. வேலை போகும். நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? அவள் காதருகே குனிந்து சொன்னேன்: "டாக்டரம்மா கேட்டா ஒண்ணும் நடக்கலேன்னுடும்மா. கெழவரும் சொல்லமாட்டாரு."

அவள் மேஸ்திரியின் மூக்கை மூடிய முந்தானையைச் சரிசெய்தபடி நடந்தாள்.

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. அதுதான் அன்று சரியாக நடந்த ஒரே காரியம். டாக்டரம்மா கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "தும்மல், இருமல் ஏதாவது?"

நான் அவர் முதுகுக்குப் பின்னால், கதவோரம் நின்றிருந்தேன். எஸ்தரைப் பார்த்து 'இல்லை' என்று தலையை ஆட்டினேன். இருபது வருஷமாக வகுப்பில் 'உண்மையே பேசு' என்று சொல்லிக்கொடுப்பவன்! அடுத்தவர் பிள்ளைகளை அரிச்சந்திரனாக்குவது எவ்வளவு சுலபம்...

"ஒரு தடவை தும்மினார் டாக்டர். என் பொறுப்புல இருந்தப்பதான். பட்டைத் தூள் பறக்கிற இடத்துக்குப் போயிட்டார்."

டாக்டரம்மாவின் கை நின்றது. விளக்கும் பூதக்கண்ணாடியும் வந்தன. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை. எனக்கு ஒரு வருஷம்.

"புண் நூலளவு விலகியிருக்கு. மேலோட்டமாப் பார்த்தா தெரியாது. நீ சொல்லலைன்னா, இன்னிக்கு இவரை எழுந்து நடங்கன்னு சொல்லிட்டு ரயிலேறியிருப்பேன். கண் போயிருக்கும்." புதுக் கட்டைப் போட்டார். "இன்னும் பத்து நாள் மல்லாந்தே படுக்கணும். கண் பிழைச்சுக்கும்."

கையைக் கழுவினார். கட்டிலுக்கு எதிரே இருந்த மருந்து அலமாரியின் கண்ணாடியில் என் உருவம் தெளிவாகத் தெரிவதை அப்போதுதான் கவனித்தேன். அவரும் அதில்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கேக்கவே மறந்துட்டேன்... அப்ப அப்படித் தலையை ஆட்டினீங்களே, கழுத்துல சுளுக்கா?"