ஓரகத்தியின் குறட்டை

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே வியாதி வந்தால் பரம்பரை என்று சொல்லிவிடலாம். அண்ணன் பெண்டாட்டிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் ஒரே வியாதி வந்தால் என்னவென்று சொல்வது? போட்டி என்றுதான் தெருவில் சொன்னார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

மூத்தவள் தையல்காரி. ஐம்பத்தெட்டு வயது. முன்னறையில் காலால் மிதிக்கிற மிஷின் ஒன்றும் வெட்டுகிற மேசை ஒன்றும் கிடக்கும். தெருவுக்கே அவள் டெய்லரக்கா. இளையவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இரண்டு வயது சின்னவள். இருந்த ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதியாக முப்பது வருஷமாய்க் குடியிருக்கிறார்கள். ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம். பின்கட்டு மட்டும் பொது.

முதல் பிரிட்ஜ் டீச்சர் பக்கம்தான் வந்தது. முதல் பேரப்பிள்ளையும் அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு தடவையும் டெய்லரக்கா போய் வாயாரப் பாராட்டிவிட்டு வந்து, இங்கே பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகக் கழுவுவாள்.

ஆனால் மயங்கி விழுந்ததில் அவள்தான் முதல். துணி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியும் கையுமாகச் சாய்ந்தாள். நாடித்துடிப்பு குறைகிறது, பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும் என்றார் டாக்டர். பார்க்கலாம், பார்க்கலாம் என்று அவள் இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரத்தில் டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் விழுந்தாள். விழுந்த மூன்றாம் நாளே பேஸ்மேக்கரும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என் வியாதியிலகூட அவ முந்திக்கிட்டாளே" என்று டெய்லரக்கா புருஷனிடம் புலம்பினாள். வேன் ஓட்டுகிற மனுஷன் அவர். குறுக்கே போகிறவர்களையே ஒன்றும் சொல்லாதவர், இதற்கா சொல்லப்போகிறார்? இரண்டு வாரம் கழித்து அவளும் போய் வைத்துக்கொண்டு வந்தாள்.

வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. இடது கழுத்தெலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்குப் புடைப்பு. இடது பக்கம் புரண்டால் அது உறுத்தியது. வலது பக்கம் புரண்டால் இடது மார்பின் பாரம் சரிந்து, தையல் போட்ட இடத்தைப் பிடித்து இழுத்தது. மல்லாந்து படுத்தால் முதுகு பிடித்துக்கொண்டது. உள்பாடி போட்டால் வார் சரியாகத் தழும்பின் மேல் போய் உட்கார்ந்தது, கழற்றினால் பாரம் இழுத்தது. டாக்டருக்கு மகன் வயது. "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று அவர் கேட்டபோது, "ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்து வந்துவிட்டாள். புண் நன்றாக ஆறியிருக்கிறது, எப்படி வேண்டுமானாலும் தூங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தால் தூக்கம் வந்துவிடுமா?

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. டீச்சர் லீவில் இருந்தாள். மத்தியானம் இரண்டு மணி ஆனால் போதும்.

கர்ர்ர்... புஸ்ஸ். கர்ர்ர்... புஸ்ஸ்.

அதே டாக்டர், அதே பேஸ்மேக்கர், அதே தோள். அவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தத் தூக்கம்? டெய்லரக்காவுக்கு வயிறு எரிந்தது. பிரிட்ஜுக்கு எரிந்ததைவிட, பேரனுக்கு எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது. என்ன செய்து தூங்குகிறாள் என்று போய்க் கேட்கலாம். கேட்பதற்குச் செத்துப்போகலாம். போதாததற்கு, இந்தக் குறட்டை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே புருஷனிடம், "உங்க தம்பி வீட்டுல கேட்டா, நானும் நல்லா தூங்குறேன்னு சொல்லிடுங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அவரும் அப்போதே போய்ச் சொல்லியிருந்தார்.

ஆறாவது வாரம் மிஷினில் உட்காரலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். முதல் வேலையாக ஒரு நர்ஸம்மாவின் சட்டைக்குத் துணி வெட்டினாள். வெட்டி முடித்து மேசையில் விரித்துப் பார்த்தாள். சட்டையின் இரண்டு கையும் இடது கை. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கத்தரி அப்படி வழிதவறியதில்லை. மிச்சத் துணியில் ஒட்டுப்போட்டு எப்படியோ சமாளித்தாள். ஆனால் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. இப்படியே தூங்காமல் போனால் இன்னும் எத்தனை துணியைப் பாழாக்குவாள்? டெய்லரக்கா வெட்டினால் தப்பாது என்கிற பேர் போய்விட்டால் அப்புறம் அவளிடம் என்ன இருக்கிறது?

மறுநாள் மத்தியானமும் குறட்டை ஆரம்பித்தது. அவள் கட்டிலில் சாய்ந்து, சுவரில் காதை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பொறாமைப்படுகிறவளைப் போல உன்னிப்பாகக் கேட்க யாராலும் முடியாது. கேட்கக் கேட்க ஏதோ இடித்தது. அவள் புருஷனின் குறட்டை மேலே ஏறும், நடுவில் சிக்கும், நின்றே போகும், இவள் பயந்து தொட்டுப் பார்க்கப் போகும்போது வெடித்துக் கிளம்பும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு கர்ரும் ஒரே நீளம், ஒவ்வொரு புஸ்ஸும் ஒரே நீளம். மிஷினில் தைத்த மாதிரி ஒரே சீர். தூங்குகிற மனுஷிக்கு எங்கிருந்து வரும் இந்தச் சீர்?

அப்போது அந்தப் பக்கத்து வாசலை யாரோ தட்டினார்கள். குறட்டை நின்றது. "பார்சல்!" என்று ஒரு குரல். யாரும் திறக்கவில்லை. வந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்ததும், விட்ட இடத்திலிருந்து குறட்டை தொடர்ந்தது.

டெய்லரக்கா எழுந்தாள். பின்கட்டு வழியாகப் பூனை மாதிரி போய் டீச்சர் அறைக் கதவைத் தள்ளினாள்.

மூன்று தலையணைகளை முட்டுக் கொடுத்துச் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேப்பரில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தாள் டீச்சர். பேனா கட்டத்தில் இருந்தது. குறட்டை மூக்கில் இருந்தது.

"என்னடி இது?"

பேனா கீழே விழுந்தது. "அக்கா! நீங்க... நீங்க தூங்கலையா?"

"நீ தூங்கலையா?"

டீச்சரின் முகம் சிவந்துபோயிற்று. "நீங்க அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறீங்கன்னு மாமா வந்து சொன்னாரு. எனக்கு அப்புறம் வச்சுக்கிட்ட உங்களுக்கே தூக்கம் வருது, எனக்கு வரலைன்னா எவ்வளவு கேவலம்? அதான்... சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கட்டும்னு..."

"அதுக்குக் குறட்டையா?"

"தினம் ஒரு மணி நேரம் விடுறேன். தொண்டையே கட்டிக்கிச்சு."

டெய்லரக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு பெரிய சந்தோஷம் வந்து உட்கார்ந்துவிட்டது. இவளும் தூங்கவில்லை! அந்தச் சந்தோஷத்தை மறைக்க முகத்தைத் திருப்பப் போனவள், முடியாமல் சிரித்துவிட்டாள். டீச்சரும் சிரித்தாள். சிரித்த வேகத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடது மார்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சிரிக்க வைக்காதீங்கக்கா, இழுக்குது."

"உனக்கும் இழுக்குதா? எந்த இடத்துல?"

கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் காட்டிக்கொண்டார்கள். ஒரே இடம். வலது பக்கம் திரும்பினால் பாரம், வாரைப் போட்டால் எரிச்சல். "இதை யார்கிட்டக்கா சொல்றது? அவர்கிட்ட சொன்னா, தலையணையை மாத்திப் போடுன்னு சொல்றாரு" என்றாள் டீச்சர். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. முப்பது வருஷத்தில் டீச்சர் அழுது டெய்லரக்கா பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதுண்டு. பார்த்தபோது அப்படி ஒன்றும் நன்றாக இல்லை.

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அளவெடுத்தவள், தன் உடம்புக்கு என்ன வேண்டும் என்று யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்ச் டேப்பை எடுத்து வந்தாள்.

"முதல்ல உனக்குத்தான் தைக்கப்போறேன். கோணல்மாணலா வந்தா அது உன்னோட போகட்டும்."

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த ஒரு பழைய பருத்தி விரிப்பை எடுத்தாள். கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ள முன்னால் கொக்கி. மார்புக்குக் கீழே பாரத்தைத் தாங்க அகலமான பட்டி. இடது வாரைத் தழும்பிலிருந்து விலக்கிக் கழுத்தோரமாக, நான்கு விரல் அகலத்துக்கு. அதோடு, வலது பக்கம் படுக்கும்போது இடது கையைப் போட்டுக்கொள்ள ஒரு குட்டித் தலையணை. எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வெட்டினாள். டீச்சருடையதைத் தைத்து முடித்தாள். தன்னுடையது வெட்டிய துண்டுகளாக மேசையில் கிடந்தது.

மறுநாள் மத்தியானம் டீச்சர் வந்து போட்டுப் பார்த்தாள். டெய்லரக்கா தன் கட்டிலிலேயே அவளை வலது பக்கமாகப் படுக்க வைத்து, குட்டித் தலையணையைக் கைக்குக் கீழே சொருகினாள்.

"இப்ப இழுக்குதா?"

"இல்லக்கா."

"வார் உறுத்துதா?"

பதில் இல்லை. குனிந்து பார்த்தாள். டீச்சரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கிளம்பி, ஏறி, சிக்கி, நின்று, கொரக்கென்று கீழே விழுந்தது. சீரும் இல்லை, அளவும் இல்லை. பார்க்கவும் கேட்கவும் அசிங்கமாக இருந்தது. அசல் குறட்டை.

டெய்லரக்காவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. தன் கட்டில், தன் துணி, தன் மூளை, தூங்குவது மட்டும் அவள். தூக்கத்திலும் முந்திக்கொண்டாளே!

விறுவிறுவென்று போய் மிஷினில் உட்கார்ந்து தன் துண்டுகளை ஊசிக்குக் கீழே வைத்தாள். அரை மணி நேரத்து வேலை. தைத்துப் போட்டுக்கொண்டு தரையில் பாயை விரித்துப் படுத்தால் அவளும் தூங்கலாம். மிதியில் காலை அழுத்தினாள். மிஷின் தடதடவென்றது. கட்டிலில் டீச்சர் முனகிப் புரண்டாள்.

டெய்லரக்கா காலை எடுத்தாள். குறட்டை திரும்பி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிட வந்த புருஷன் வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தார். "என்ன, இவ இங்க..." என்று ஆரம்பித்தார்.

"சத்தம் போட்டீங்க, கொன்னுடுவேன்."

"இல்ல, ஆறு வாரமாத் தூங்காதவ நீ. நீயில்ல தூங்கணும்?"

"என்னைக்கு அவ எனக்கு முதல்ல விட்டுக்கொடுத்திருக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். துண்டுகளை மிஷினிலிருந்து உருவி மடியில் போட்டுக்கொண்டு, கை ஊசியில் நூலைக் கோத்தாள். கையால் தைத்து முடிக்க எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும்.